தொடர்மாடியும் அயலாரும்



கொழும்பு மாநகரில், வெள்ளவத்தைப் பகுதியிலே, காலி வீதியினின்றும் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிற் புகுந்து நடப்போர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த காட்சியை இன்று காணமாட்டார். ஓடு வேய்ந்த வீடும், முற்றத்து மாமரமும், மதிலோரத்துச் செவ்வரத்தையும் நின்ற வளவுகளில் இன்று எட்டு மாடி, பத்து மாடி உயர்ந்த மனைத்தொகுதிகள் நிற்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்ட காலத்தில் ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் பல, இத்தகைய தொடர்மாடிகளிலேயே தமக்கென ஓர் இல்லத்தைத் தேடிக்கொண்டன. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணமும், தாயின் நகையும், தந்தையின் ஓய்வூதியமும் அச்சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இக்கட்டடங்களுள் முறைப்படி எழுந்த ஒவ்வொன்றும், மண்ணில் எழுமுன்னர் ஒரு மேசையின்மீது வரைபடமாக விரிக்கப்பட்டதாகும். மேசையின் ஒருபுறம், காணியை வாங்கி மனைகளைக் கட்டி விற்க முன்வந்த நிறுவனத்தார் அமர்ந்திருப்பர். அவர்தம் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் உடனிருப்பர். மறுபுறம் உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரிகள், சுகாதார வைத்திய அதிகாரி, நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதிநிதி முதலியோர் அமர்ந்திருப்பர். திட்டமிடற் குழு என வழங்குவது இவ்வவையே. அங்கே என்ன வினவப்படுகின்றது, ஏன் வினவப்படுகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

அந்த மேசையைச் சுற்றி இருப்போரைக் காட்டிலும் அங்கே இல்லாத இருவரையே முதலில் நினைத்தல் வேண்டும். ஒருவர், அந்தக் காணியின் மதிலுக்கு அப்பால் வாழும் அயலார். மற்றவர், இன்னும் கட்டப்படாத அந்த மனையிலே நாளை குடிபுகவிருக்கும் குடும்பத்தார். நிறுவனத்தார்க்காகப் பேசக் கட்டடக் கலைஞர் இருக்கின்றார், சட்டத்தரணி இருக்கின்றார். இவ்விருவர்க்காகப் பேசுவார் யார்? அதிகாரிகள் கையிலுள்ள விதிப்புத்தகமே அவர்தம் வாய். விதியில் உள்ள ஒவ்வோர் எண்ணும், அவையில் இல்லாத ஒருவரின் குரல் எனக் கொள்ளின், அவ்வெண்களின் வறட்சி நீங்கிப் பொருள் விளங்கும்.

இவ்விதிகள் நேற்றுத் தோன்றியன அல்ல. கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டில் அமைந்தது. 1914ஆம் ஆண்டில் கொள்ளைநோய் அந்நகரினுட் புகுந்தது. நெருக்கமான குடியிருப்புகளில் காற்றும் ஒளியும் இல்லாமை எத்தகைய கேடு என்பதை அக்காலத்தார் கண்கூடாகக் கண்டனர். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக, வீடமைப்பையும் நகர மேம்பாட்டையும் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புதல் ஆகாது என்னும் நெறி அதன் வாயிலாக நிலைபெற்றது. 1946ஆம் ஆண்டில் நகர, நாட்டுப்புறத் திட்டமிடலுக்கான கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தன. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், அச்சட்டத்தின்கீழ்ப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளில் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாயிற்று. அதிகார சபை தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒப்படைத்திருக்கின்றது; பெரிய கட்டடங்களைத் தானே நேரிற் பரிசீலிப்பதும் உண்டு. 1986ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கட்டட விதிகள் நெடுங்காலம் வழங்கின. 2021ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளிவந்தன.

சட்டத்தின் பெயர்களை மட்டும் அடுக்கினால் காரியம் விளங்காது. ஆதலின் ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் அமைத்துக்கொள்க. கடலோரத்து ஒழுங்கை ஒன்றில் இருபது பேர்ச் காணி; அஃதாவது ஏறக்குறைய 506 சதுர மீற்றர். ஒழுங்கையின் அகலம் 6 மீற்றர். அங்கிருந்த பழைய வீட்டில் ஆறு பேர் வாழ்ந்தனர். இப்பொழுது நிறுவனத்தார் கொணர்ந்த திட்டம் இது: நிலமட்டத்தில் வாகனத் தரிப்பிடம், அதன்மேல் எட்டு மாடி, மாடி ஒன்றுக்கு மூன்று மனை, ஆக, 24 மனைகள். மனை ஒன்றுக்கு நால்வர் எனின் 96 பேர். ஆறு பேர் இருந்த இடத்தில் 96 பேர் வாழப்போகின்றனர். இப்பெருக்கமே பரிசீலனையின் தொடக்கம்.

முதலாவது வினா ஒளியையும் காற்றையும் பற்றியது. 1915ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்தது. வீதியின் எதிர்ப்புற விளிம்பிலிருந்து கட்டடத்தை நோக்கி 63½ பாகைக் கோணத்தில் ஒரு கோடு வரைக. அக்கோட்டைத் தாண்டிக் கட்டடத்தின் எப்பகுதியும் நீட்டலாகாது. 63½ பாகை என்றதன் இரகசியம் யாதெனின், அக்கோணத்தில் அடிப்பக்கம் ஒரு பங்கெனின் உயரம் இரண்டு பங்காகும் என்பதே. எடுத்துக்காட்டிற் கூறிய ஒழுங்கை 6 மீற்றர். கட்டடம் வீதியிலிருந்து 3 மீற்றர் உள்ளே தள்ளி நிற்கின்றது எனின், இடைவெளி 9 மீற்றர். முகப்பின் உயரம் 18 மீற்றருக்கு மேற்படலாகாது. மாடி ஒன்று 3 மீற்றர் எனின், ஆறு தளங்களோடு அக்கணக்கு முடிந்துவிடும். தரிப்பிடத்தோடு ஒன்பது தளங்கள் வேண்டுவோர், மேற்றளங்களைப் பின்வாங்கிக் கட்டல் வேண்டும், அல்லது அகன்ற வீதியை நாடல் வேண்டும். இன்றைய விதிகள் இதனினும் விரிவானவை. வீதியின் அகலம், காணியின் பரப்பு ஆகியவற்றை நோக்கி, எத்தனை சதுர மீற்றர் தளப்பரப்புக் கட்டலாம் என வரையறுக்கின்றன. ஆயினும் அடிப்படைக் கருத்து மாறவில்லை. ஒடுங்கிய ஒழுங்கையில் உயர்ந்த கட்டடம் எழின், எதிர்வீட்டார்க்குக் காலை வெயில் இல்லை. பின்வீட்டார்க்குக் கடற்காற்று இல்லை. அந்தக் கோணம் அவர்களுக்காகவே வரையப்பட்டது.

இரண்டாவது வினா நீரைப் பற்றியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் எனக் கொள்ளின், 96 பேருக்கு 14,400 லீற்றர் நீர் வேண்டும். முன்னர் அங்கு வேண்டியிருந்தது 900 லீற்றரே. குழாயில் அவ்வளவு நீர் வருமா? வருமெனின், அதே குழாயிலிருந்து நீர் பெறும் அயல்வீடுகளின் அமுக்கம் குறையாதா? உள்ளே வந்த நீர் வெளியே போதலும் வேண்டும். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்காலக் குடித்தொகையை நோக்கி இடப்படத் தொடங்கியது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குட் செல்லும் நீண்ட குழாய்களின் வழியாகவே அக்கழிவுநீர் வெளியேறுமாறு அமைக்கப்பட்டது. ஓடு வேய்ந்த வீடுகளுக்கெனப் புதைத்த குழாயில் எட்டு மாடிகளின் கழிவு பாயும்போது, பொங்குவது அக்கட்டடத்தின் வாயிலில் அன்று; ஒழுங்கையின் தாழ்ந்த முனையிலுள்ள பழைய வீட்டு வாயிலிலேயே. ஆதலால் நீர்வழங்கற் சபையினதும் வடிகாற் பகுதியினதும் இசைவுக் கடிதங்களைக் கேட்பது வீண் அலைக்கழிப்பன்று.

மழைநீரும் இதனோடு சேர்ந்ததே. முன்னைய வளவில் மரமும் மணலும் இருந்தன. பெய்த மழையின் பெரும்பகுதி அவ்விடத்திலேயே சுவறியது. காணி முழுவதும் கொங்கிறீற்றால் மூடப்படின், 100 மில்லிமீற்றர் மழை பெய்த ஒரு நாளில் அந்த இருபது பேர்ச் காணியிலிருந்து மட்டும் ஏறக்குறைய 50,000 லீற்றர் நீர் வீதிக்குப் பாயும். 1992ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் நாள் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்து நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அத்தகைய மழை நாள்தோறும் வருவதன்று. ஆயினும் வருவது உண்டு. காணியில் ஒரு பகுதியைத் திறந்த நிலமாக விடுக என விதி கூறுவதும், மழைநீரைச் சேகரிக்கும் தொட்டிக்கு இடம் வைக்குமாறு 2007ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பணிப்பதும் இக்காரணம்பற்றியே.

மூன்றாவது வினா மண்ணைப் பற்றியது. கடலோரத்தில் மேலே மணல்; சிறிது ஆழத்திலேயே நீர். அங்கே நிலத்தடித் தளத்துக்காகக் குழி தோண்டி, ஊறும் நீரை இயந்திரத்தால் இடைவிடாது இறைக்கும்போது, நிலத்தடி நீர்மட்டம் அக்கம் பக்கத்திலும் இறங்குகின்றது. நீரோடு நுண்மணலும் நகர்கின்றது. அயல்வீட்டின் அத்திவாரத்தின் கீழிருந்த பிடிப்புத் தளர்ந்து, சுவரில் வெடிப்புக் காண்கின்றது. தூண்களை அடித்து இறக்கும் அதிர்ச்சியாலும் இவ்வாறு நேரலாம். பின்னர் வழக்கு எழும்போது, "அந்த வெடிப்பு முன்னரே இருந்தது" என்பர் ஒருசாரார். "இப்பொழுதுதான் வந்தது" என்பர் மறுசாரார். இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன்னரே, அயல்வீடுகளின் சுவர்களையும் கூரைகளையும் பார்வையிட்டு, உள்ள வெடிப்புகளை அளந்து, படம் பிடித்து, இருதரப்பாரும் கையொப்பமிட்டு வைத்தல் வேண்டும். அனுமதி வழங்கும் குழு இதனை ஒரு நிபந்தனையாக எழுதுமாயின், ஆண்டுக்கணக்கான வழக்குகள் தவிர்க்கப்படும். அஃது அயலார்க்கு மட்டுமன்றி நிறுவனத்தார்க்கும் காப்பாகும். பழைய வெடிப்புக்கெல்லாம் புதிய கட்டடத்தைக் குற்றஞ்சாட்ட எவராலும் இயலாது.

நான்காவது வினா தீயைப் பற்றியது. தீயணைப்பு வண்டி அந்த 6 மீற்றர் ஒழுங்கையில் திரும்பி நிற்க இடமுண்டா? இருமருங்கும் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கும் இரவிலும் அது வர இயலுமா? புகை சூழ்ந்த வேளையில் எட்டாம் மாடியில் உள்ள முதியவர் எந்தப் படிக்கட்டால் இறங்குவார்? மின்தூக்கியை அப்பொழுது நம்பலாகாது. அவசரப் படிக்கட்டுக்கு விடும் இடம், விற்பனைக் கணக்கில் நட்டமாகத் தோன்றும். ஏனெனின் படிக்கட்டை எவரும் சதுர அடி விலைக்கு வாங்குவதில்லை. ஆகவே அவ்விடத்தைச் சுருக்கும் ஆசை எழுதல் இயல்பு. அந்த ஆசைக்கு அணையிடுதலே தீயணைப்புப் பகுதியினரின் சான்று.

இவையன்றி, கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் அமைந்த காணியாயின், 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேறோர் அனுமதி வேண்டும். இரத்மலானை விமான நிலையத்தை அண்டிய பகுதிகளில் கட்டடத்தின் உயரத்துக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் இசைவும் வேண்டும். இவ்வாறு திணைக்களம் திணைக்களமாகக் கடிதம் தேடி அலையும் நிறுவனத்தார், "எத்தனை வாசற்படி!" எனச் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை.

அந்தச் சலிப்பையும் நியாயமாக நோக்குதல் வேண்டும். காணி வாங்கிய பணத்துக்கு வட்டி நாள்தோறும் ஏறுகின்றது. சீமெந்தின் விலையும் கம்பியின் விலையும் காத்திருப்பதில்லை. இன்று ஒரு குறை, அடுத்த கூட்டத்தில் மற்றொரு குறை எனத் தவணை தவணையாகக் குறை கூறும் அவை, நேர்மையானவரையும் குறுக்குவழி தேடத் தூண்டிவிடும். விதியின் கடுமையால் அன்று, விதியின் தெளிவின்மையாலேயே கையூட்டு வளர்கின்றது. எந்த இடத்தில் எவ்வளவு கட்டலாம் என்பது முன்கூட்டியே தெளிவாக இருப்பின், எவரும் எவரையும் நாடிச் செல்லும் தேவை குறையும். ஆதலால் நல்ல குழுவின் இலக்கணம், குறைகள் அனைத்தையும் முதற் கூட்டத்திலேயே கூறி, அவற்றைக் காரணத்தோடு எழுத்தில் பதிந்து கொடுத்தலாகும். விரிவான வரைபடம் ஆயத்தமாகுமுன்னரே பூர்வாங்க அனுமதி பெறும் முறை இருப்பதும் இதற்காகவே. வரைபடத்தில் ஒரு கோட்டை அழிக்க ஓர் அழிறப்பர் போதும். அதே கோடு கொங்கிறீற்றுச் சுவராகிவிட்டபின் அதனை அழிக்க நீதிமன்றக் கட்டளையும் இடிக்கும் இயந்திரமும் வேண்டும். அப்பொழுதும் பெரும்பாலும் அஃது அழிவதில்லை; குறை நிலைத்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டிற் கூறிய அவையிலேயே இஃது எவ்வாறு நிகழும் எனக் காண்க. நிறுவனத்தார் 24 மனை கேட்கின்றனர். "ஐயா, மனைகளைக் குறைத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்கின்றார் அவர். பொறியியலாளர் உடனே "முடியாது" என மறுப்பாராயின், பேச்சு அங்கேயே முடியும். "நல்லது, ஐயா, மேல் மூன்று தளங்களைப் பின்வாங்கிக் கட்டுங்கள், நிலத்தடித் தளத்தைக் கைவிடுங்கள், அதனால் நீர் இறைக்கும் செலவும் உங்களுக்கு மிஞ்சும். அப்பொழுது எத்தனை மனை வரும் என்று பாருங்கள்" எனக் கூறுவாராயின், 24 என்பது 20 ஆகலாம், செலவும் ஓரளவு குறையலாம். அயல்வீட்டின் அத்திவாரமும் பிழைக்கும். விதியை விட்டுக்கொடாமலே வழியைக் காட்டுதல் என்பது இதுதான். அதிகாரி பகைவரும் அல்லர், பங்காளியும் அல்லர், இங்கில்லாதாரின் பிரதிநிதியாவார்.

இவ்விடத்தில் ஒரு பெரியாரை நினைத்தல் தகும். உயிரியல் அறிஞராகத் தொடங்கி நகரத் திட்டமிடலில் உலகப் புகழ் பெற்ற பற்றிக் கெடிஸ் என்பார் 1921ஆம் ஆண்டில் கொழும்பைப் பற்றி ஓர் அறிக்கை வரைந்தார். கொழும்பைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராக அவர் மனத்திற் கண்டார். மருந்து கொடுக்குமுன் நோயை அறிக என்பது நகரங்களைப் பற்றிய அவர்தம் கொள்கை. நகரின் தெருக்களைக் கால்நடையாகச் சென்று பார்த்த பின்னரே வரைபடத்தைத் தொடுதல் வேண்டும் என அவர் வற்புறுத்தி வந்தார். குழுவிலுள்ளோர் காணியை நேரிற் சென்று பார்க்காது மேசையிலிருந்தே முடிவு கூறுதல், நோயாளியைக் காணாது மருந்து எழுதுதலை ஒக்கும். வரைபடத்தில் 6 மீற்றர் எனக் காட்டிய ஒழுங்கை, நேரில் அளக்கும்போது மதிலும் மின்கம்பமும் போக 5 மீற்றராகவும் இருக்கலாம். அந்த ஒரு மீற்றரில் தீயணைப்பு வண்டியின் வழி அடங்கியிருக்கின்றது.

இத்தகைய வினாக்களெல்லாம் மிகையானவை எனக் கருதுவோர்க்கு, 2017ஆம் ஆண்டின் மூன்று மாதங்கள் போதிய விடையாகும். அவ்வாண்டு ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டு நாளன்று, கொழும்பின் குப்பைகள் கொட்டப்பட்டுவந்த மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து, அதன் அடியிலிருந்த வீடுகளை மூடியது. 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மே 18ஆம் நாள் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்து உயிரிழப்பும் காயமும் விளைந்தன. கடல் கடந்த இலண்டன் மாநகரில், யூன் 14ஆம் நாள், கிறென்பெல் கோபுரம் என்னும் 24 மாடித் தொடர்மாடியிலே தீப்பற்றி 72 பேர் உயிரிழந்தனர். உயர்ந்த அக்கட்டடத்துக்கு இருந்தது ஒரேயொரு படிக்கட்டே. அண்மையில் பொருத்தப்பட்ட வெளிச்சுவர்ப் போர்வை வழியாகத் தீ மேலே பரவியது. குப்பை எங்கே போகும்? தூண் எவ்வளவு பாரம் தாங்கும்? மக்கள் எவ்வழியே இறங்குவர்? மூன்றும் மேசையின்மீது வினவப்படவேண்டிய வினாக்கள். வினவப்படாதபோதோ, விடை பெறப்பட்டும் செயற்படாதபோதோ, அவற்றுக்கு விடை கூறுவோர் அதிகாரிகளுமல்லர், நிறுவனத்தாருமல்லர். அங்கே உறங்கிக்கொண்டிருந்த மக்களே.

வரைபடம் அனுமதிக்கப்பட்டதோடு கடமை முடிந்ததாகக் கருதுதல் பெரும் பிழை. கடதாசியில் உள்ள கட்டடம் வேறு. காணியில் எழும் கட்டடம் வேறு. எட்டு மாடிக்கு அனுமதி பெற்று ஒன்பதாவது மாடியைக் கூரை எனக் கூறி எழுப்புவோர் உண்டு. வாகனத் தரிப்பிடமெனக் காட்டிய இடத்தில் கடையறை கட்டுவோர் உண்டு. இதனைத் தடுப்பதற்கு 1915ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு பூட்டை அமைத்திருக்கின்றது. கட்டி முடித்த கட்டடம் சட்டத்துக்கு அமைவாக உள்ளதென மன்றம் சான்றளிக்கும் வரை, காவற்காரரைத் தவிர வேறெவரும் அதிற் குடியிருத்தலாகாது என்பது அச்சட்டம் வகுத்த நெறி. இணக்கச் சான்றிதழ் என வழங்குவது இதுவே. அனுமதிப்பத்திரம் ஒரு வாக்குறுதி. இணக்கச் சான்றிதழே அவ்வாக்குறுதி நிறைவேறியதற்கான சாட்சி. முன்னதைக் காட்டி மனையை விற்பது எளிது. பின்னதைக் காட்டி விற்பதே நேர்மை.

வாங்குவார்க்கு இது வெறும் சம்பிரதாயமன்று. இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்படி, நிலத்துக்கு உரியவரே அதன்மேல் எழும் கட்டடத்துக்கும் உரியவர். ஆகவே நிலத்தைத் தொடாமல் ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டை மட்டும் தனியுடைமையாக்குவதற்குத் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. மாடிமனைகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிசெய்தது. அதன்படி கட்டடத்துக்குரிய கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்படல் வேண்டும். அதன்பின் ஒவ்வொருவரும் தம் மனைக்குத் தனியுரிமையாளராவதோடு, படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, நிலம் முதலிய பொதுப்பகுதிகளில் பிரிக்கப்படாத பங்குக்கும் உரியவராகின்றனர். உரிமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனமே அப்பொதுப்பகுதிகளைப் பேணுகின்றது. அனுமதிக்கு மாறாகக் கட்டிய கட்டடத்துக்கு இப்பதிவு இழுபடும். பதிவின்றேல் மனைக்குத் தனி உறுதி இல்லை. உறுதியின்றேல் வங்கி கடன் கொடாது. பிள்ளைக்கு எழுதி வைக்கவும் இயலாது. முப்பது ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர், சுவருக்குள் வாழ்ந்தும் சட்டத்தின்முன் மனையில்லாதவராவார். அன்று திட்டமிடற் குழுவில் கேளாது விட்ட ஒரு வினா, பத்தாண்டு கழித்து ஒரு முதியவரின் கையில் உறுதியில்லாத வீடாக வந்து நிற்கின்றது.

ஆதலின் இப்பரிசீலனையை அதிகாரிகளின் தனிவேலை எனக் கருதி, குடிமக்கள் ஒதுங்கியிருத்தல் தகாது. மனை வாங்க முற்படுவோர், வண்ணப் படங்களையும் பளிங்குத் தரையையும் பார்க்குமுன் மூன்றினைக் கேட்டல் வேண்டும்: அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதி, இணக்கச் சான்றிதழ், பதிவு செய்யப்பட்ட கூட்டாதன வரைபடம் என்பன அவை. கட்டி முடியாத மனைக்கு முற்பணம் கொடுப்போர், பின்னிரண்டும் எந்நாளில் கிடைக்கும் என்பதை உடன்படிக்கையில் எழுதுவித்தல் வேண்டும். அனுமதி எட்டு மாடிக்கெனின், ஒன்பதாம் மாடியில் மனை வாங்குவோர் எவ்வளவு மலிவாக வாங்கினும் அது மலிவன்று.

அயலில் வாழ்வோரும் செய்யத்தக்கது உண்டு. பக்கத்துக் காணியில் வேலை தொடங்கிய பின்னர்ச் சண்டையிடுவதைவிட, தொடங்குமுன் மன்றத்துக்குச் சென்று வினவுதல் சிறந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பொது அதிகாரிகளிடமுள்ள பத்திரங்களைக் கேட்டுப் பெறக் குடிமகனுக்கு உரிமையுண்டு. எத்தனை மாடிக்கு அனுமதி, எத்தகைய நிபந்தனைகள், நீர் எங்கே விடப்படும் என்பவற்றை எழுத்தில் கேட்கலாம். பொறாமையினால் தடுக்கும் அயலாரும் உளர். தம் வீட்டின் பின்புறத்தை விதிமீறிக் கட்டிக்கொண்டு பிறர் விதிமீறலைக் குறை கூறுவோரும் உளர். அவ்வாறன்றி, அளவோடும் ஆதாரத்தோடும் வினவுவார்க்குச் செவிசாய்த்தல் மன்றத்தின் கடன்.

தொடர்மாடியே ஆகாது என்பது இப்பேச்சின் முடிவன்று. நிலம் சுருங்கியது, மக்கள் பெருகினர், நகரில் வேலையும் கல்வியும் தேடி வருவோர்க்கு இருப்பிடம் வேண்டும். சேற்று நிலத்தை நிரப்பி நகரை அகலமாக விரிப்பதிலும், உள்ள நிலத்தில் ஒழுங்காக உயர்வது பல இடங்களில் நன்றேயாம். நன்கு வகுத்த ஒரு தொடர்மாடியில், முன்பின் அறியாத இருபது குடும்பங்கள் ஒரு படிக்கட்டைப் பகிர்ந்து, ஒருவர் சுகதுக்கத்தில் மற்றவர் பங்குகொண்டு, ஒரு சிற்றூராகவே வாழ்வதைக் காணலாம்.

ஆயினும் அச்சிற்றூர் நிலைபெறுவது, அது பிறக்குமுன் மேசையின்மீது நேர்மையாக அளக்கப்பட்டபோதுதான். நிறுவனத்தார் தம் இலாபத்தை அளந்துகொள்வர். அதனை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மதிலுக்கு அப்பாலுள்ளார்க்கு எஞ்சும் வெயில் எவ்வளவு, குடிபுகுவார் இறங்கும் படிக்கட்டின் அகலம் எவ்வளவு, அவர்தம் நீர் போகும் குழாயின் கொள்ளளவு எவ்வளவு என்று அளப்பதற்கே மன்றம் இருக்கின்றது. அவ்வளவுகோலைக் கையிலெடுத்த அதிகாரி, அதனை ஒருவர்க்காகச் சுருக்காமலும் மற்றொருவர்க்காக நீட்டாமலும் பிடிப்பாராயின், அவரைக் கண்டறியாத குடும்பங்கள் பல, அவர் எவர் என்று அறியாமலே, இரவில் அச்சமின்றிக் கண்ணுறங்கும்.